பூட்டு முதலில்

நிலவு, தெற்கு நிலையம். மார்ச் 3, 09:10
பதிவு: எஸ்தர் ராஜகனி, கணினிப் பொறுப்பு. இங்கே ஆள் நான் ஒருத்திதான்.
டிஸ்க்கில் எழுதுவதையெல்லாம் ரகசியக் குறியீடாக்கிப் பூட்டியும் திறந்தும் தரும் சிப் காலையில் செத்துவிட்டது. கணினியின் மைய நிரலான கெர்னல் பதறவில்லை. அதே வேலையை சாஃப்ட்வேரிலேயே செய்யத் தொடங்கிவிட்டது. இதற்காகத்தானே மாற்றுவழி வைத்தோம். கொஞ்சம் மெதுவு, அவ்வளவுதான். உப்புமா சாப்பிட்டேன்.

மார்ச் 3, 17:40
தலைவலி. மூச்சுக்காற்றைச் சுத்தம் செய்யும் விசிறி விட்டுவிட்டு ஓடுகிறது. காரணம் புரிந்ததும் எரிச்சல்தான் வந்தது. சிப் செய்த வேலை இப்போது எங்கள் மந்தமான பிராசஸரின் தலையில். விசிறியை ஓட்டுவதும் அதுதான். இரண்டும் மோதினால் ‘பூட்டு முதலில்’ என்று கெர்னலில் எழுதி வைத்திருக்கிறோம். சென்னையில் சோதித்தபோது எல்லாம் பாஸ். அங்கே ஏசி ஜில்லென்று ஓடியது. விசிறியை இணைத்துப் பார்க்க எந்த மகராசனுக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மார்ச் 4, 06:20
அந்த வரியை மாற்றினால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். எழும்போது டிஸ்க்கைத் திறக்கும் சாவி செத்த சிப்புக்குள் இருக்கிறது; இப்போது ஓடுவது நினைவகத்தில் மிஞ்சிய நகலை வைத்து. அணைத்தால் இந்த நிலையம் மறுபடி எழாது. விண்ணுடையில் இருந்த ஒரு மணி நேரக் காற்றையும் நேற்றிரவே தீர்த்துவிட்டேன். ‘காற்றுப் பழுது’ என்று மட்டும் வடக்கு நிலையத்துக்குச் சொன்னேன். அங்கிருந்து வண்டி வர நான்கு நாள். நன்றாக மாட்டிக்கொண்டேன். பயமாக இருக்கிறது.
ரேடியோ செய்தியும் எங்கள் விதிப்படி முதலில் டிஸ்க்கில் பதிந்து, பூட்டி, பிறகுதான் போகும். பேசாமல் எழுதாமல் கிடந்தால் விசிறி ஓடும், பிழைத்துக்கொள்வேன். இனி வாயைத் திறக்கமாட்டேன்.

மார்ச் 5, 11:02
வந்த செய்தி. வடக்கு நிலையப் பொறுப்பாளர் இன்பராஜ் அண்ணன்: “எஸ்தரு, இங்க பூட்டு சிப்பு தடுமாறுதும்மா. ஆறு பேரு இருக்கோம். மாற்றுவழி பாத்துக்கிடும்லா? ஒரு வார்த்த சொல்லு தாயி.”

மார்ச் 5, 11:09
அனுப்பும் செய்தி: “அண்ணே, மாற்றுவழிய நம்பாதீங்க. ‘பூட்டு முதலில்’ வரிய அழிச்சிட்டு ‘விசிறி முதலில்’னு போடுங்க. சிப்பு உயிரோட இருக்கும்போதே ரீஸ்டார்ட் பண்ணிருங்க. காரணம் தெரியாம நீங்க கெர்னலத் தொடமாட்டீங்க. அதான் என் பதிவு, கெர்னல் பதிவு மொத்தத்தையும் சேத்து அனுப்புதேன்.”
விசிறி நின்றுவிட்டது. அறைக் காற்று ஏற்கனவே மோசம். பூட்டி முடிக்க இருபது நிமிடமாம். நடுவில் நிறுத்தினால் எதுவும் போகாது. விரல் நிறுத்தும் பொத்தான்மேல் இருக்கிறது. எடுத்துவி

மார்ச் 5, 11:31 (தானியங்கிப் பதிவு)
பூட்டுதல் முழுமை. செய்தி அனுப்பப்பட்டது. விசிறி சீராக ஓடுகிறது. பயனரின் அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கிறது.