வார்யாஷுக்கு நான் வைத்த மீசை

பிப்ரவரி 11
வார்யாஷ் கெல்லேர்ட் நினைவு நாணயத்துக்கு என் வரைவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சிற்பி என்று சொல்லிக்கொண்டு இத்தனை வருடம் கால்பந்துப் பதக்கங்கள் செய்தவள் நான். வார்யாஷோ பிரபுக்கள் காலத்து எழுத்தாளர், சீர்திருத்தக்காரர். ஆனால் இருக்கும் ஒரே படம் இளம்வயதுப் படம், வழுவழு முகம். நாணயத்துக்குக் கிழமுகம் வேண்டுமாம். யாரைப் பார்த்துச் செய்வது?

பிப்ரவரி 14
மாதிரியாக உட்கார மாமனார் அம்ப்ரூஷைக் கேட்டுவிட்டேன். நெற்றி, தாடை எல்லாம் பொருந்துகிறது. மீசை அதற்கும் மேல். கல்யாணமானதிலிருந்து மனிதர் என்னிடம் பேசியது "உப்ப எடு" மட்டும்தான். இன்று, "என் மூஞ்சி எதுக்கு?" என்றார். அப்புறம், "எப்ப வரணும்?"

பிப்ரவரி 20
அம்ப்ரூஷ் மாமா வந்தார். கல்யாணக் கோட்டு, மெழுகு போட்டு முறுக்கிய மீசை. "மூக்க மட்டும் கொஞ்சம் கொறைச்சிடும்மா."
ம்மா! முதல் தடவையாக. அந்தச் சந்தோஷத்தில் பிளாஸ்டர் காதை உடைத்துவிட்டு மறுபடி ஒட்டினேன்.

மார்ச் 3
கணவன் சிலார்ட் சொல்லிச் சிரிக்கிறான்: "அப்பா மதுக்கடைல மீசையத் தடவிக்கிட்டு, 'இது இனிமே அரசாங்கச் சொத்து'ங்கிறார்." அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று.

மார்ச் 17
போச்சு. தேர்வுக் குழுவிலிருந்து ஒரு அம்மாள் பேசினார். "வார்யாஷ் மீசைய சிரைச்சவராச்சே. பிரபுக்கள் வரி கட்டுற வரைக்கும் அவங்கள மாதிரி மீசை எனக்கு வேண்டாம்னுட்டு, சாகிற வரைக்கும் வைக்கல."
தெரியும். பள்ளியில் பரீட்சையே எழுதியிருக்கிறேன். இருந்தும் அந்தக் காலத்துப் பெரியவர் என்றால் இந்த நாட்டில் கை தானாக மீசை போட்டுவிடுகிறது. படத்தில் இல்லையே? பையனுக்கு இன்னும் முளைக்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மகா புத்திசாலி.

மார்ச் 18
சுரண்டிவிட்டேன். மீசையோடு அந்த முகத்திலிருந்து மாமாவும் போய்விட்டார்.

மார்ச் 19
இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 22
சொன்னேன். ஞாயிறு சாப்பாட்டில், எல்லார் முன்னாலும், கோழி சூப்புக்கு நடுவில் — நேரம் பார்த்துப் பேசுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. மாமா கரண்டியை வைத்தார். "அப்ப அது நான் இல்ல." கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.
ஒரு "ம்மா" கிடைத்தது. அதையும் சேர்த்துச் சுரண்டிட்டியேடி, தெக்லா.

ஏப்ரல் 5
ஈஸ்டர். உப்பைக்கூடக் கேட்கவில்லை. தானே எட்டி எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 12
வெளியீட்டு விழா. மாமா வரமாட்டார் என்று அவர் நாற்காலியில் என் பையை வைத்திருந்தேன். பேச்சுகளுக்கு நடுவில் யாரோ ஒரு கிழவர் உள்ளே வந்தார், பின்னால் மதுக்கடைக் கூட்டம் மொத்தமும். அடையாளம் தெரியவில்லை — அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியவள் நான்! மேலுதடு மட்டும் வெயில் படாத வெளுப்பு. கல்யாணக் கோட்டைப் பார்த்துத்தான் மாமா என்று கண்டுபிடித்தேன்.
நாணயத்தை வாங்கிக் கன்னத்தருகே பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி நின்றார். "இப்ப நல்லாப் பாருங்கடா."
எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா என் பையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.
"மூக்க கொறைக்கச் சொன்னேனே, கேட்டியா?"
"இல்ல, மாமா."
"உதடு குளிருது. உன் கழுத்துத் துணியக் குடும்மா."
கொடுத்தேன்.