உறவினர் இல்லாத ஊர்கள்

ஸ்ரீபெரும்புதூர்
9.1.1991

உங்களுக்கு,

கடலோரமாக நான்கு நாள் போய்வர வாடகைக் கார் பேசிவிட்டேன். மாமல்லபுரம், பிச்சாவரம், தரங்கம்பாடி.

பாண்டிச்சேரியில் உங்கள் அக்காவும் கடலூரில் என் சித்தப்பாவும் இருப்பதால் அங்கே தங்கப்போவதில்லை. யார் வீட்டில் இறங்கினாலும், இரண்டு வருஷமாக நீங்கள் ஏன் பெங்களூரில் தனியாக இருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

டிரைவர் எழிலரசன் என் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, சொந்தக்காரங்க வூடு ஒண்ணுகூட இல்லாம டூரா? சோறு யாரு போடுவாங்க?"

நான்கு நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் பெட்டியை மூன்று முறை அடுக்கிக் கலைத்துவிட்டேன்.

விடுதிகளுக்கு இன்னும் எழுதவில்லை. ஓர் அறையா, இரண்டா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு என்றாலும் வாருங்கள்.

அதே வீட்டில் இருக்கும்,
நான்