ஆட்டுக்குத் துடுப்புப் போடத் தெரிந்தால்

அக்கா,

இன்று காலை படப்பை ஷேர் ஆட்டோவில் ஏறியதும் தைல வாசனை. உன் நினைவில் திரும்பினேன். உன் நீல ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், உன் சின்ன மகனின் மாமியார்.

"ஒரு வாரம் பொண்ணு வூடு, ஒரு வாரம் புள்ள வூடு. கம்பெனில ஷிஃப்ட் மாறுனா, பேரப் புள்ளைங்கள பாத்துக்க நானும் மாறணும்" என்றாள்.

நீ போய் வருஷம்கூட ஆகவில்லை.

மணிமங்கலம் கோயில் பிரகாரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் நீ போடும் புதிர் அந்தப் புலி, ஆடு, புல்லுக்கட்டுதான். ஆற்றைக் கடக்கும் படகில் ஒன்றைத்தான் ஏற்றலாம். ஆளில்லாவிட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். நான் பால் கணக்குத் தாளின் பின்பக்கம் கோடு போட்டு முட்டிக்கொள்வேன். "எத ஏத்தறன்னு பாக்காதடி. எத வுட்டுட்டுப் போறன்னு பாரு" என்பாய். பார்த்தால் வழி தெரிந்துவிடும். உடனே மாற்றுவாய்: புலி ரெண்டு, படகில் ரெண்டு இடம். எப்படி மாற்றினாலும் ஆட்டைத்தான் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து, மறுபடி கொண்டுபோக வேண்டியிருந்தது.

நிலம் விற்றதிலிருந்து உன் பிள்ளைகளுக்குள் பேச்சில்லை. ஷிஃப்ட் மாறும் ஞாயிறுகளில் பெரியவன் உன்னை இந்த ஆட்டோ போகும் வழியில் ஒரு ஸ்டாப்பில் இறக்கிவிட்டுப் போவான்; சின்னவன் வரும்வரை வெயிலில் நிற்பாய். பெற்றவளைப் பார்சல் மாதிரி கைமாற்றியவர்கள், பதினாறாம் நாள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிண்டம் வைத்தார்கள். பந்தியில் வடையை மென்றுகொண்டே சின்னவன் சொன்னான்: "அம்மா இல்லாம ஷிஃப்ட் அட்ஜஸ்ட் பண்றதே பேஜாரா கீது." இலையில் கை வைக்காமல் எழுந்து வந்தேன். பெருமாள் மன்னிக்கட்டும், அந்த வாயை நினைத்தால் இன்றும் அருவருப்புதான்.

கடைசியாக நீ மாற்றிய புதிர் ஞாபகமிருக்கிறதா? "ஆட்டுக்கே துடுப்பு போடத் தெரிஞ்சா?" நான் தாளை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாய். "எதுக்குடி எழுதற? அப்புறம் அது இன்னாத்துக்குத் திரும்பி வரப்போவுது?" இருவரும் சிரித்தோம். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அந்த ஸ்டாப்பில் நின்றிருந்தாய்.

இன்று அதே ஸ்டாப்பில் அவள் இறங்கினாள். நான் போக வேண்டிய இடம் இன்னும் தூரம். ஆட்டோ கிளம்பியது, பின்னால் அவள் வெயிலில் தனியாக. "நிறுத்துப்பா" என்று இறங்கிவிட்டேன்.

"நிக்காதீங்கம்மா. நம்ம வூட்டுக்கு வாங்க, காபி குடிக்கலாம்."

"ஐயோ, புள்ள வந்து தேடுவானே?"

"தேடட்டும்."

கூடையை நான் வாங்கிக்கொண்டேன், அக்கா. இவ்வளவு கனத்தையா தூக்கிக்கொண்டு நின்றாய்?