நிக்சன் வேண்டாம் என்று ஏன் எழுதினாய்?

என் பிரியமான கஸ்பார் மச்சானுக்கு,

நேற்று முன்தினம் மதுரையில் வீரர் தேர்வு முடிந்துவிட்டது. நம் அணியின் முதல் பெயராக நான் நிக்சனை அழைத்தேன். உன் நோட்டில் ‘வேண்டாம்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாயே, அவனைத்தான். கோபப்படாதே. முழுக்கக் கேள்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் பல் விளக்கப் போன அண்ணன் அங்கேயே விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டான் என்று உன் தங்கை வந்து சொன்னபோது, கப்பலுக்கு ஏற்ற வேண்டிய முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு ஆடிப்போனதே ஒரு ஆயுளுக்குப் போதும் என்று நினைத்தேன். இல்லை மச்சான். இன்னொன்றை நீ உன் போனுக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தாய்.

இதை எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நிக்சன் என்பது பையனின் உண்மைப் பெயர் இல்லை. அவன் அம்மா கேட்டுக்கொண்டதால் இரண்டு பேர் பெயரையும் மாற்றியிருக்கிறேன். என் பெயரை மாற்றவில்லை.

கபடி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரணியிலிருந்து பாடி வருகிறவனின் காலைப் பிடிக்க ஓரத்தில் ஆள் நிற்பான். கவர் நிற்கிறவன் வேறு. அவன் உள்ளே காத்திருந்து, வருகிறவனை நெஞ்சாலும் தோளாலும் முட்டி எல்லைக்கோட்டுக்கு வெளியே எறிய வேண்டும். கல்லூரிப் பையன்களில் அப்படி ஒருவன் கிடைப்பது குதிரைக்கொம்பு. நம் லீக்கில் எல்லா அணிகளும் அவனைத் தேடித்தான் அலைகின்றன. வருஷத் தேர்வில் அணிகள் முறை வைத்து ஒவ்வொரு பெயராக அழைக்கும்.

நாமும்தான் அலைந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும். துறைமுகத்தில் ஆறு நாள் சரக்குக் கணக்கு எழுதிவிட்டு ஏழாவது நாள் நீ என் காரில் ஏறிவிடுவாய். சாயர்புரம், நாசரேத், எட்டயபுரம், எங்கே கல்லூரி மேட்ச் என்றாலும் முன்வரிசையில் நாம் இருப்போம். நான் பையன்களின் தொடையையும் தோளையும் பார்ப்பேன். எத்தனை பிடி பிடித்தான் என்று எண்ணுவேன்.

“ஏலே மச்சான், இது என்ன கோஸா, அமுக்கிப் பாக்கதுக்கு?” என்பாய். “பிடிய எவனும் பாப்பான். பிடிச்சு முடிச்சு எந்திரிச்சு நிக்கான் பாரு, அந்த மூணு செகண்ட பாரு. அதுலதான் ஆள் தெரிவான்.”

நான் சிரிப்பேன். கப்பல் ஏணியில் மூட்டை தூக்கி ஆரம்பித்து, இன்றைக்குக் கப்பலுக்கே சாமான் கொடுக்கிறவனாக வந்தவன் நான். பொருளைப் பார்க்க எனக்கு ஒருவன் சொல்லித் தர வேண்டுமா என்ற திமிர் எனக்கு உண்டு. அது உனக்கும் தெரியும்.

நீ போன பிறகு உன் மனைவி உன் நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். நிக்சனுக்கு ஒரு முழுப் பக்கம். ‘இடது கவர். கண் பாடுகிறவனின் இடுப்பில் இருக்கிறது, காலில் இல்லை. முந்திப் பாய்வதில்லை. இந்த வருஷம் பார்த்ததில் முதல் ஆள்.’ உன் முத்து முத்தான கையெழுத்து. அடியில் வேறு மையில் ‘வேண்டாம்.’ அவ்வளவுதான். உயரம் குறைவான பையனை ஒதுக்கினால்கூட அரைப் பக்கம் காரணம் எழுதுகிறவன் நீ.

அணியில் என்னோடு பங்கு போட்டிருக்கும் பாலையாவிடம் காட்டினேன். உப்பளக்காரர், எதையும் நக்கிப் பார்த்துத்தான் நம்புவார். “உம்ம மச்சானை எவனோ கவனிச்சிருக்கான்வே,” என்றார். “நாம விட்டா அடுத்த டீம்காரன் தூக்கிருவான்லா? அதுக்குத்தான் இந்த வேண்டாம்.”

சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஒரு ராத்திரி முழுக்க நானும் அப்படித்தான் நினைத்தேன் மச்சான். செத்துப்போன உன்னை, விலைபோனவன் என்று நினைத்தேன். இதற்கு உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

மறுநாள் காலையில் திரேஸ்புரம் போனேன். நிக்சன் வீட்டு வாசலில் காலை வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் சேவல்.

“என்ன மரியபுஷ்பம், மீனை விட்டுட்டுச் சேவல் யாவாரமா?” என்றேன்.

“எல்லாம் நீங்க குடுத்ததுதான் அண்ணாச்சி,” என்றாள் அவன் அம்மா. “பதினாலு நிக்கி. ஒண்ணக்கூட அறுக்க விடமாட்டேங்கான். மெடலுங்கான்.”

படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் திருவிழாக் கபடியில் நல்ல ஆட்டத்துக்கு அங்கேயே மைக்கில் பரிசு சொல்வது வழக்கம். ஒருவர் குடம் கொடுப்பார், ஒருவர் வேட்டி கொடுப்பார். நான் சேவல். கால் கட்டிய சேவலைக் கையில் வாங்கிக்கொண்டு பையன் மைதானத்தைச் சுற்றி ஓடினால் கூட்டம் அலறும். அதுவும் சும்மா பிடிக்குக் கொடுக்க மாட்டேன். தலை அதிர முட்டினால்தான் சேவல்.

நிக்சன் உள்ளே இருந்து வந்தான். “வாங்க அண்ணாச்சி, காப்பி குடிச்சியளா?”

“ஆச்சுலே.”

“மொதப் பேரு நாந்தான? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க.”

“மதுரைல தெரியும். பொறு.”

“பொறுக்கேன், பொறுக்கேன். அண்ணாச்சி, காப்பி குடிச்சியளா?”

என் கையில் காப்பித் தம்ளர் இருந்தது. அவன் அம்மா அப்போதுதான் கொடுத்தது. நான் தம்ளரைத் தூக்கிக் காட்டினேன். அவன் சிரித்தான். லீக் நடக்கிற நாட்களைப் பற்றிக் கேட்டான், சொன்னேன். எழுந்து சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்து மூன்றாவது தடவையாகக் காப்பி குடித்தேனா என்று கேட்டான்.

“மதுரை ஞாபகத்துலயே கெடக்கான்,” என்றாள் மரியபுஷ்பம். “போன வாரம் மொளகா வாங்க அனுப்புனேன். கட முன்னால நின்னுக்கிட்டு, ‘எம்மா, நான் எதுக்கு வந்தேன்’னு எனக்கே போன் போட்டுக் கேக்கான். உங்க மச்சானும் இங்கன வந்து இதத்தான் விசாரிச்சாவ. எப்பத்துல இருந்து மறக்கான்னு.”

அங்கிருந்து நேரே உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம் உன் போனை வாங்கினேன். நிக்சன் என்று பெயர் போட்டு ஒன்பது வீடியோ வைத்திருந்தாய். எதிலும் பிடி இல்லை. பிடிக்குப் பிறகு வருகிற அந்த மூன்று செகண்ட்தான்.

ஒன்றில் அவன் எழுந்து தன் இடத்துக்குப் போகாமல் வலது ஓரத்தில் போய் நிற்கிறான். இன்னொன்றில் எழுந்தவன் மறுபடி உட்காருகிறான். கடைசி வீடியோவில் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, நடுக்கோட்டைத் தாண்டி எதிரணிக்காரர்களோடு வரிசையில் போய் நிற்கிறான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. மைக்கில் ஒரு குரல் கேட்கிறது: “பாத்தியளா, பாத்தியளா! அடிச்ச அடியில ஆளு கட்சி மாறிட்டான்! பிடிங்க, நம்ம சேவியர் ஸ்டோர் சார்பா இன்னொரு சேவல்!”

என் குரல், மச்சான்.

அதற்குள் நீ அவன் பக்கத்தில் போய்விட்டாய். படம் ஆடுகிறது. “ஏலே நிக்சா, ஸ்கோர் என்ன?” என்று நீ கேட்பது தெளிவாக இருக்கிறது. ஆட்டம் முடிய நான்கு நிமிஷம் இருக்கிறது. அவன் உன்னை நிமிர்ந்து பார்க்கிறான். “மேட்ச் ஆரம்பிச்சாச்சா சார்?”

எத்தனை தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன் என்று தெரியாது. உன் மனைவி வந்து போனைப் பிடுங்கி வைத்தார்கள். பதினான்கு சேவல் என்றால் பதினான்கு முட்டு. நான் கொடுத்த ஒவ்வொரு சேவலையும் தலையால் வாங்கியிருக்கிறான். இதில் வீடியோவில் இல்லாத ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. அதே நாளில் நீ மேடைக்கு வந்து மைக்கைக் கையால் பொத்தினாய். “போதும் மச்சான், சேவல நிறுத்து,” என்றாய். நான் உன் கையை விலக்கிவிட்டு ஊருக்கே கேட்கச் சொன்னேன்: “எம் மச்சானுக்குச் சேவல் மேல கண்ணு! வீட்டுக்கு ஒண்ணு அனுப்பிருதேன் மச்சான்!” எல்லாரும் சிரித்தார்கள். நீயும் கொஞ்சம் சிரித்த மாதிரிதான் இருந்தது. போய் உட்கார்ந்துவிட்டாய்.

அதற்கப்புறமும் பல ஞாயிற்றுக்கிழமை என் காரில் வந்தாயே, ஏன் சொல்லவில்லை? சொன்னால் விளங்காது என்று விட்டுவிட்டாயா? இல்லை, அந்தப் பையனின் வாழ்க்கையைக் கெடுக்க மனம் வராமல் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாயா?

வீடியோவை என் போனுக்கு மாற்றி, தெரிந்த ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினேன். “ஆடலாமா வேண்டாமான்னு நேர்ல பாத்துதான் சொல்லணும்,” என்றார். “ஆனா அதுவரைக்கும் இன்னொரு அடி தலையில படக் கூடாது. பட்டா என்ன ஆகும்னு யாரும் உறுதி சொல்ல முடியாது.” நிக்சனைக் கூப்பிட்டேன். “தலைக்கு என்ன அண்ணாச்சி, கல்லு மாதிரி இருக்கு. தேர்வு முடியட்டும், வாரேன்,” என்று போனை வைத்துவிட்டான்.

இங்கேதான் உன்னோடு எனக்கு ஒரு வழக்கு. நீ ‘வேண்டாம்’ என்று எழுதினாய். அது நம் அணியைக் காப்பாற்றும். அவனை எப்படிக் காப்பாற்றும்? நான் விட்டால் அடுத்த முறை உள்ள அணிக்காரன் தூக்கிக்கொள்வான். மதுரைத் தேர்வு மண்டபத்தில் எங்கள் பக்கத்து மேஜைக்காரர் நிக்சனின் படத்தை மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். எழுந்து நின்று விஷயத்தைச் சொல்லலாம்தான். ஊர் முன்னால் அவனுக்கு மண்டை சரியில்லை என்று சொல்கிற மாதிரி ஆகும். அதற்கும் வாய் வரவில்லை.

விதியைப் படித்துப் பார்த்தேன். ஒரு அணி அழைத்த வீரன் அந்த வருஷம் வேறு எங்கும் ஆட முடியாது. திருவிழா மேட்சும் சேர்த்தி. யாரை இறக்குவது என்பது அணியின் இஷ்டம். முதல் பெயர் கேட்டார்கள். நிக்சன் என்றேன். பாலையா என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

திரும்பி வரும்போது காரில் அவரிடம் உடைத்தேன். “இவன் இந்த வருஷம் களத்துல இறங்க மாட்டான்.”

“என்னவே சொல்லுதீரு? மொதப் பேர பரண்ல போடவா மதுரை வரைக்கும் வந்தோம்?”

வீடியோவைக் கொடுத்தேன். பார்த்தார். கோவில்பட்டி தாண்டும்போது போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, “சவத்த, நானும் அன்னைக்கு அங்கன உக்காந்து சிரிச்சேன்வே,” என்றார்.

நேற்று திரேஸ்புரம் போனேன். தெருவே வெடிக் காகிதமாகக் கிடந்தது. நிக்சன் ஓடி வந்து கட்டிக்கொண்டான். அவனை உட்கார வைத்து, ஆட விடமாட்டேன், வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகிறோம் என்றேன்.

அவன் முகம் போன போக்கை உனக்கு எழுத முடியவில்லை. “ஆட விடாததுக்கா என்னை எடுத்திய?” என்றான். “பிடிக்கலன்னா விட்டிருக்க வேண்டியதுதான? வேற டீமாவது எடுத்திருப்பானே! வாங்கி மூலைல போடதுக்கு நான் என்ன கப்பல் சாமானா?”

போனை நீட்டினேன். அவனும் அம்மாவும் தலையோடு தலை வைத்துப் பார்த்தார்கள். எதிரணி வரிசையில் தான் போய் நிற்பதைப் பார்த்து முதலில் அவன்தான் சிரித்தான். பிறகு நீ ஸ்கோர் கேட்டாய், அவன் பதில் சொன்னான். சிரிப்பு நின்றது.

“இது எந்த ஊரு மேட்ச் அண்ணாச்சி?”

“ஏலே,” என்றாள் மரியபுஷ்பம், “இது நம்ம தெரு மாதா திருவிழாலே. அந்தா நிக்கது நாந்தான்.”

அவன் அவளைப் பார்த்தான், போனைப் பார்த்தான். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் எழுந்திருக்கவில்லை. அவள் அதை மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

“மைக்ல பேசுறது யாரு அண்ணாச்சி?”

அவளுக்குத் தெரியும். பதினான்கு தடவை கேட்ட குரல். என் வாயால் வர வேண்டும் என்றுதான் கேட்டாள்.

“நாந்தான்,” என்றேன்.

அவள் என்னை ஏசவில்லை மச்சான். ஏசியிருந்தால் தேவலை.

வெள்ளிக்கிழமை வர அவன் இன்னும் சம்மதிக்கவில்லை. அவனை எங்கும் ஆட முடியாதபடி பூட்டி வைத்தது சரியா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. ஆனால் இதை உனக்கு எழுதித் தருகிறேன்: வெள்ளிக்கிழமை விடியும்போது என் கார் அவன் வாசலில் நிற்கும். அவன் வராவிட்டால் சனிக்கிழமையும் நிற்கும், ஞாயிற்றுக்கிழமையும் நிற்கும். அவன் கதவைத் திறந்து என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். கேட்டுக்கொண்டு நிற்பேன்.

உன் தங்கையின் புருஷன்,
சேவியர்