காற்று போகும் வழி

6 பிப்ரவரி 1939, விழுப்புரம்

காலையில் லூர்துமேரி குடித்த பால் மூக்கு வழியாக வந்தது. புரையேறியது என்று நினைத்தேன். மாலையிலும் அப்படியே. பேச்சும் மூக்கால்தான் வருகிறது. தொண்டை அடைப்பானுக்கு ஊசி போட்டுப் பிழைத்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஆறு வயசுக் குழந்தைக்கு இன்னும் என்ன?

பக்கத்து குவார்ட்டர்ஸ் வெள்ளையம்மாள் சிரிக்கிறாள். "இன்னா பி.ஏ. அம்மா, பொண்ணு மூக்கால பேசிக்கினு வேஷம் போடுது. ரெண்டு போடுங்க, சரியாப் போவும்."

7 பிப்ரவரி

திண்டிவனம் போய்வந்தோம். டாக்டரம்மா "ஆ" சொல்லச் சொன்னார். உள்நாக்கு எழும்பவே இல்லை.

"அந்தத் தொண்டை நோவோட விஷம் இப்ப நரம்பைப் புடிச்சிருக்கு. தானா விடும். தண்ணியா எதுவும் வேணாம், கேப்பைக் கூழு கெட்டியா குடு. மூச்சை மட்டும் பாத்துக்கோ."

"ஒன்பதாவது, பத்தாவது நரம்புதானே டாக்டர்?"

நிமிர்ந்து பார்த்தார். "படிச்சிருக்கியா? அப்ப நீ தூங்கமாட்டே."

கல்லூரியில் தவளை மூளையின் பத்து ஜோடி நரம்புகளை வரைந்து மார்க் வாங்கியவள் நான். மனிதருக்குப் பன்னிரண்டு. விழுங்க வைக்கும் அந்த இரண்டும் புறப்படுவது முகுளத்தில் — மூச்சை நடத்துவதும் அதே முகுளம். இத்தனை பக்கத்தில் ஏன் வைத்தீர், ஆண்டவரே?

9 பிப்ரவரி

மூச்சு, நிமிஷத்துக்கு இருபத்துநாலு.

20 பிப்ரவரி

சிலேட்டில் தான் எழுதியதையே அவளால் படிக்க முடியவில்லை. ரயில் கார்டு வேலையிலிருக்கும் அவருக்கு ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டுபோனோம். பிளாட்பாரக் கோடியிலிருக்கும் ஊர்ப் பலகையை எழுத்தெழுத்தாகப் படிக்கிறாள்! தூரம் தெரிகிறது, கிட்டம் தெரியவில்லை. மூன்றாவது நரம்பு. பத்திலிருந்து மூன்றுக்குப் போயிருக்கிறது. அடுத்து எது?

23 பிப்ரவரி

இருமலில் சத்தமே இல்லை. மூச்சு முப்பது. அவருக்கு டியூட்டி. வெள்ளையம்மாள் கூடவே உட்கார்ந்திருந்தாள், சிரிக்காமல்.

5 மார்ச்

மூச்சு இருபத்திரண்டு.

கொல்லையில் அவருடைய விசில்! ஒரு மாசமாக அவள் ஊதினால் காற்று புஸ்ஸென்று மூக்கால் போய்விடும். ஓடினேன். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுகிறாள்.

"அப்பா சொல்லிக் குடுத்தாரு."

அவரிடம் கத்தினேன் — ஏன் ஏமாத்துறீங்க?

"ஏமாத்தலடி. மூக்கை அடைச்சா வாயால போவுது. புள்ள சிரிக்கட்டுமே."

விசிலைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தேன். அழுதாள். அழுகையும் மூக்கால்.

27 மார்ச்

விசில் காதைப் பிளந்தது. நாற்காலி போட்டு ஏறி எடுத்திருக்கிறாள்.

"ஏம்மா, வண்டி இன்னிக்கு உங்க ஊட்லேர்ந்தா பொறப்படுது?" என்று வெள்ளையம்மாள் கத்துகிறாள்.

வாசலுக்குப் போனேன். விசில் பல்லிடுக்கில். இரண்டு கை நிறைய மல்லாட்டைக் கடலை.