மாட்டு விலைக்கு ஒரு லொத்தர் டிக்கட்

1963 மார்ச் 3

செவலை இன்றைக்கும் காலைத் தூக்கினாள். பாதிப் பால் மண்ணுக்கு. கன்று போட்ட திமிர். அடிக்கத்தான் மனசு வருவதில்லை. இந்தத் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டில் என்னுடையது என்று சொல்ல இருப்பது அவள் ஒருத்திதான்.

மார்ச் 9

இரத்தோட்டை டவுனுக்குப் போன வீட்டுக்காரர் தரையில் கால் பாவாமல் வந்தார். பஸ்ஸில் ஒரு ஆளாம் – தொப்பி, தாடி, வெள்ளைச் சட்டை. அவனுடைய லொத்தர் டிக்கட்டுக்குப் பரிசு விழுந்திருக்கிறதாம். பத்திரிகைத் துண்டும் காட்டினானாம், இலக்கம் ஒத்துப்போகிறதாம். ஆனால் லொத்தர்ப் பணம் அவர்கள் மார்க்கத்தில் ஹராம், கையாலும் தொடமாட்டானாம். யாராவது ஏழை எடுத்துக்கொள்ளட்டும், ஒரு மாட்டு விலை கொடுத்தால் போதுமாம்.

மாட்டு விலை! நம்மிடம் மாடு இருப்பதை இவரேதான் உளறியிருப்பார்.

மார்ச் 10

வியாழக்கிழமை அந்த ஆள் இரத்தோட்டைக்குத் திரும்ப வருவானாம். அதற்குள் செவலையை விற்க வேண்டுமாம். கத்தினேன், அழுதேன். "சாமி ஒரு தரந்தான் கண்ணத் தொறக்கும், கமலாட்சி" என்கிறார்.

பொய் எழுதக்கூடாது. அடுப்படியில் உட்கார்ந்தபடி நானும் ஒழுகாத ஓட்டு வீடு ஒன்றைக் கட்டி முடித்துவிட்டேன்.

மார்ச் 11

நான் பால் கொடுக்கும் சாலிஹ் முதலாளியின் சம்சாரம் ஹவ்வாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பாலை அளந்துகொண்டே கேட்டார்: "ஏன் புள்ள, பரிசு ஹராம்னா, டிக்கட்ட வித்த சல்லி மட்டும் எப்புடி ஹலாலாகும்? அல்லாவுக்குப் பயந்தவன் அதக் கிழிச்சில்ல போடுவான். தொப்பிய யாரும் வாங்கிப் போடலாம்."

அடச்சே, இது எனக்கேன் தோணல? அவங்க மார்க்கம் அப்படி என்றதும், அதைக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று வாயை மூடிக்கொண்டோம். அந்த மரியாதையைத்தான் அவன் நம்பி வந்திருக்கிறான்.

வீட்டுக்காரர் நம்பவில்லை. சரி, கொழும்புக்கு அவனோடு போங்க, பரிசு கைக்கு வந்ததும் மாட்டு விலையைக் கொடுக்கலாம் என்றேன். அதற்கு மட்டும் தலையாட்டினார்.

மார்ச் 14

வீட்டுக்காரர் அவனிடம் அப்படியே கேட்டாராம். தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன் வரவேயில்லை.

வீட்டுக்காரர் செவலைக்குப் புல்லறுக்கப் போனார். வந்து, "வெளிய சொல்லிராத, மானம் போயிரும்" என்றார். நானும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2

பக்கத்து லயத்து நல்லம்மா காதில் வேப்பங்குச்சி. அவள் புருஷன் பொன்னையா தோட்டை விற்று அதே ஆளிடம் டிக்கட் வாங்கியிருக்கிறார். கொழும்பு லொத்தர் ஆபீசில் பார்த்துவிட்டுச் சிரித்தார்களாம். இலக்கத்தில் ஒன்றைச் சுரண்டித் திருத்தியிருந்ததாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்?

ஏப்ரல் 3

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுமுன் வீட்டுக்காரர் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றார்.

"நானும் மாட்ட விக்கப் போனவன்தான். மானம் போயிரும்னு மூடி வச்சேன். நல்லம்மா தோடு போச்சு."

அந்த ஆளின் அடையாளம், ஹவ்வா கேட்ட கேள்வி, எல்லாம் சொன்னார். சிலர் சிரித்தார்கள். மனுசன் அசையவில்லை. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவரை எனக்கு இவ்வளவு பிடித்ததில்லை.

சாயங்காலப் பாலை நல்லம்மா வீட்டுக்கு அவரே கொண்டுபோனார். வாங்கிக்கொண்டு, சொம்பைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாளாம். நாளைக்கும் கொண்டுபோவாராம்.