களாச் செடியை வெட்டச் சொன்ன மகனுக்கு

அன்பு மகனுக்கு, அம்மா சொல்லி எழுதுவது. இங்கே அப்பா, தங்கை, நான் மூவரும் சுகம், என் வலது கட்டைவிரல் மட்டும் சுகமில்லை. முள் ஏறி வீங்கியிருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நீயும் மருமகளும் நலம்தானே? தொலைபேசியில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். இவள் இதைப் படம் எடுத்து இன்றே அனுப்புவாள்.

நம் வேலியோரக் களாச் செடியை வெட்டச் சொல்ல நீ யார்? வீடு உன் பெயரில் இருக்கலாம், செடியோடு இருப்பவள் நான். நேற்றுக் காலை குடியிருப்போர் சங்கச் செயலாளர் தோட்டக்காரரோடு வந்து நின்றார். முள்ளில் பிள்ளைகளின் பந்து கிழிகிறதாம், அங்கே புல்தரை போடப் போகிறாராம். உங்கள் மகனே சம்மதித்துவிட்டார் என்று கைபேசியை நீட்டினார். வெட்டிடுங்க சார் என்று உன் செய்தி. ஒரு வார்த்தை என்னைக் கேட்டாயா? மூன்று கோடையாக ஒரு குவளைத் தண்ணீர் கேட்காமல் வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கிற செடி அது. நாம் குடிக்கவே லாரித் தண்ணீருக்கு நிற்கிறோம், புல்லுக்குத் தினம் இரண்டு வேளை ஊற்ற எங்கே போவது என்றால், அழகு வேண்டாமா என்கிறார். தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் மொய்ப்பது அவர் கண்ணுக்கு அழகாகத் தெரியவில்லை. செடிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்திருக்கிறது. எதிர்வீட்டுப் பூனை நான்கு நாள் சுற்றி வந்து, மூக்கில் முள்குத்து வாங்கிக்கொண்டு போனதை உன் தங்கை நோட்டில் தேதியோடு குறித்திருக்கிறாள். அந்த முள்ளால்தான் குஞ்சுகள் பிழைத்திருக்கின்றன. தோட்டக்காரருக்குக் காட்டக் கிளையை விலக்கியபோதுதான் என் விரலில் ஏறியது. அவர் குனிந்து பார்த்தார், கத்தரியை மடக்கிப் பையில் போட்டார். குஞ்சு வாயைப் பொளந்துகிட்டு இருக்குதும்மா, நான் கை வைக்க மாட்டேன், ஆனா சார் வேற ஆளக் கூட்டிட்டு வருவாரு என்றார். அப்படியே ஆயிற்று, சனிக்கிழமை இயந்திர ரம்பத்தோடு ஆள் வருகிறானாம். உன் அப்பாவோ ஊரோடு பகை எதற்கு என்று செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

நான் எது சொன்னாலும் செயலாளர் உன் செய்தியைத்தான் காட்டுகிறார். கொடுத்த சம்மதத்தை நீதான் திரும்பப் பெற வேண்டும். குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள் என்று மழுப்பாதே, வெட்டவே கூடாது என்று எழுது. நேரத்துக்குச் சாப்பிடு, இரவில் கண் விழிக்காதே. இருவரும் நூறாண்டு நன்றாக இருங்கள், கோபத்தில் சொன்னாலும் ஆசி ஆசிதான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் உன் செய்தி அவருக்குப் போகாவிட்டால், செடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். வீட்டுச் சொந்தக்காரரின் அம்மாவையும் வெட்ட அனுமதி வாங்கி வந்திருக்கிறாயா என்று வருகிறவனைக் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா